வேப்பிலை கட்டிய வீட்டில் ஒரு மாத்திரை

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பள்ளிப் படிப்பை முடித்து, சென்னையில் விடுதியில் தங்கிச் சமூகப்பணி படித்து, திருவள்ளூரில் வேலைக்கும் சேர்ந்தேன். பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் நெல் பயிரிட்டுப் பிழைக்கும் எங்கள் சனத்தில் ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்ததில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. ஒரே சிரமம், நான் பார்க்கும் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

வேலை இதுதான். பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளை ஒரு குழந்தைகள் இல்லம் கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்துவந்தது. துருதுருவென்று ஓடும் குழந்தைகளுக்கு வீடு கிடைப்பது கஷ்டமில்லை. கை கால் விறைத்த குழந்தை, வலிப்பு வரும் குழந்தை, பேச்சு வராத குழந்தை என்றால்தான் ஆட்கள் யோசிப்பார்கள். அப்படிப்பட்ட குழந்தையைத் துணிந்து எடுத்துக்கொண்ட வீடுகளுக்கு நான் போவேன். எப்படி உட்காரவைப்பது, எப்படி ஊட்டுவது, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பேன். எனக்குப் பதில் தெரியாததை இல்லத்து டாக்டரம்மாவிடம் கேட்டு வந்து சொல்வேன்.

ஒருநாள் டீக்கடையில் என் அப்பா இதை விளக்கப் பார்த்திருக்கிறார்.

“எம்பொண்ணு, புள்ள வளக்கறவங்களுக்கு யோசன சொல்லுது.”

எங்கள் மாமா ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டாராம். “இன்னாது? அதுக்கே இன்னும் கல்யாணம் ஆவல. பெத்து வளத்தவளுக்கெல்லாம் அது போய் சொல்லிக் குடுக்குதா?”

“நீகூடதான் ஏரோட்டறவனுக்கெல்லாம் யோசன சொல்லிக்கினு கீற. உன்கிட்ட ஏது மாடு?”

அப்பா இதைச் சாப்பாட்டின்போது எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் மாமா கேட்ட கேள்வி என் காதில் இருந்துகொண்டே இருந்தது.

நான் போகும் வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஏரிக்கரை வீடு. கும்மிடிப்பூண்டியில் அப்போது தொழிற்பேட்டைக்காக நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே பேருந்து மாறி, கிழக்கே கடைசி நிறுத்தத்தில் இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டி நடந்தால் பழவேற்காட்டு ஏரி தெரியும். கரையோரத்தில் மீன்பிடிக்கிறவர்களின் ஒரு குப்பம். அதில் கோடியில் இருந்தது அந்த வீடு.

வீட்டுக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்பவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவள் என்னை டீச்சரம்மா என்பாள். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பெற்ற பெண்ணை ஆந்திரப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டு வெறிச்சென்று இருந்த வீட்டுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்றுதான் இல்லத்துக்கு வந்தாள். நடக்கிற பிள்ளையாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டவள், கூடத்தின் மூலையில் படுத்திருந்த ஒரு சிறுமியின் பக்கத்தில் குனிந்திருக்கிறாள். விறைத்த கையால் அந்தக் குழந்தை அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டது. அந்தக் குழந்தைக்கு ஒருமுறை மூடிய கையை உடனே திறக்க வராது. அக்காவுக்கு அது தெரியாது.

“புடிச்சா விட மாட்டேங்குதே! இன்னா பண்றது, இவ வலைல மாட்டுன மீனு நானு” என்று சொல்லி அந்தக் குழந்தையையே தூக்கிக்கொண்டு போனாள். எல்லாரும் அதைப் பாப்பா என்றே கூப்பிட்டோம். ஐந்தாறு வயது இருக்கும். பேச்சு வராது, கால் ஊன்றாது, வலிப்பு உண்டு. தினமும் காலையிலும் மாலையிலும் மாத்திரை கொடுக்க வேண்டும்.

முதல் முறை நான் போனபோது அக்கா பாப்பாவைக் கைக்குழந்தை போலக் காலில் போட்டுக்கொண்டு, தலை பின்னால் தொங்கக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாய்க்கும் புரையேறியது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் சற்றே தாழ்ந்திருக்க ஊட்ட வேண்டும் என்று காட்டினேன். உட்காரவைக்க நாற்காலிக்கு எங்கே போவது? வாசலில் ஈரமணலில் இடுப்பளவு குழி தோண்டச் சொன்னேன். பாப்பாவை அதில் இறக்கி, சுற்றிலும் மணலை அணைத்தோம். முதுகு நின்றது. பாப்பா முதன்முறையாக ஏரியை நேராகப் பார்த்தது. படகுகளைப் பார்த்துச் சிரித்தது. அக்காவின் வீட்டுக்காரர் வலையைப் போட்டுவிட்டு வந்து வெகுநேரம் நின்று பார்த்தார். அன்றைக்கு எனக்கு என் படிப்பின் மேல் வந்த சந்தோஷம், பட்டம் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

வலிப்பு வரும்போது அக்கா பாப்பாவின் வாயில் கரண்டிக் காம்பை வைப்பாள், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பாள். டாக்டரம்மா இரண்டையும் நிறுத்தச் சொன்னார். நான் யோசித்தேன். கரண்டி பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். சாவியால் ஒரு கெடுதலும் இல்லை. “வாயில எதையும் வைக்காத அக்கா. ஒருக்களிச்சுப் படுக்க வை. சாவிய வேணும்னா கையில குடு” என்றேன். அவள் அதன்பிறகு கரண்டியைத் தொடவில்லை. கெடுப்பதை மட்டும் பிடுங்கு, கெடுக்காததை விட்டுவிடு என்பது நானாகக் கண்டுபிடித்துக்கொண்ட முறை. எந்தப் புத்தகத்திலும் அது எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பங்குனி மாதத்தில் வழக்கம்போல அங்கே போனேன். நல்ல வெயில். பாடு நாளில்கூட அக்காவின் வீட்டுக்காரர் ஏரிக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஏரியில் குடும்பங்கள் முறைவைத்து வலையிடும் இடத்தையும் அந்த முறையையும் அவர்கள் பாடு என்பார்கள். அதை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் அல்ல.

“அங்கியே நில்லு டீச்சரம்மா” என்றார். “ஊட்ல அம்மா வந்துகீறாங்க.”

“யாருக்குண்ணா?”

“பாப்பாவுக்குத்தான்.”

நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அம்மை என்றால் எங்கள் பக்கத்தில் அம்மனே வீட்டுக்கு வந்திருப்பதாக அர்த்தம். தாளிக்கக் கூடாது, மீன் சமைக்கக் கூடாது, வெளியாள் வரக் கூடாது. சின்னம்மைதான், குழந்தைகளுக்கு வருவதுதான் என்று நான் முதலில் கலங்கவில்லை. ஆனால் வாசலில் இரண்டு மூன்று பெண்கள் கற்பூரத் தட்டோடு கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். எட்டிப் பார்த்தேன்.

வேப்பிலைப் படுக்கையில் பாப்பா படுத்திருந்தது. கண் இரண்டும் ஒரு பக்கமாகச் செருகியிருந்தன. இடதுகை மட்டும் சீராக வெட்டி வெட்டி ஆடிக்கொண்டிருந்தது.

“எம்மா, தாயே, வாய் தொறந்து சொல்லும்மா” என்று பக்கத்து வீட்டுப் பெண் குறி கேட்டுக்கொண்டிருந்தாள். “எங்க பாடு நாள்ல இந்த வாட்டி எறா வருமா வராதா?” பதில் வராததால் அவள் அக்காவைப் பார்த்தாள். “இன்னா இது, பேசவே மாட்டேன்றாங்க? கோவமா கீறாங்களா?”

“எம்பாப்பாவுக்குத்தான் பேச்சு வராதே. அதுமேல வந்த அம்மா மட்டும் எப்படி பேசுவாங்க?” என்றாள் அக்கா. அவள் முகத்தில் பக்தியும் இருந்தது, பெருமையும் இருந்தது.

அது அம்மன் இறங்கிய ஆட்டமல்ல, வலிப்பு. பாப்பாவுக்கு எப்போதும் உடம்பு முழுவதும் உதறும். அதை அக்கா நன்றாக அறிவாள். ஒரு கை மட்டும் ஆடும் இந்தச் சின்ன வலிப்பை அவள் பார்த்ததில்லை. அம்மை போட்டிருக்கும் வீட்டில் அதைப் பார்த்தவள் அம்மனின் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

“அக்கா, மாத்திரை குடுத்தியா?”

“மாத்திரையா? அம்மா கீறப்பவா? முத்து தெரிஞ்ச அன்னிக்கே நிறுத்திட்டேன்.” சரியானதைச் செய்தவள் சொல்லும் தோரணையில் சொன்னாள்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வலிப்பு வரும். விடாமல் வந்தால் உயிரே போகும். உயிர் பிழைத்தாலும் இன்னொன்று இருந்தது. மருந்தை நிறுத்தும் வீட்டில் குழந்தையை விட்டுவைக்கக் கூடாது என்பது இல்லத்தின் விதி. நான் போகிற வீடுகளில் இவளைப்போல நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தவள் வேறு யாரும் இல்லை. ஒழுங்கானவள் என்பதால்தான் இதையும் ஒழுங்காக நிறுத்தியிருந்தாள்.

உள்ளே போக வேண்டும். என் புருவத்தின் மேல் ஒரு அம்மைத் தழும்பு உண்டு. அதைக் காட்டினேன். “பாருண்ணா, அம்மா எனக்குச் சின்ன வயசுலயே முத்திரை போட்டுட்டாங்க. நான் பெரியபாளையத்துப் பொண்ணு. அம்மன் ஊட்டுக்குப் பக்கத்தூடு. என்னையுமா வெளிய நிக்க வெக்கறீங்க?”

அவர் தழும்பைப் பார்த்தார். எழுந்து போய் மஞ்சள் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்.

பாப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். கற்பூரப் புகை குழந்தைக்கு ஆகாது என்று வாசலிலிருந்த தட்டை அப்பால் அனுப்பினேன். தட்டின் பின்னாலேயே பெண்களும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் கை ஆடுவது நின்றது. குழந்தை சோர்ந்து தூங்கியது.

“அக்கா, இது அம்மா இல்ல. வலிப்பு.”

“வலிப்பு எனக்குத் தெரியாதா? நான் பாக்காத வலிப்பா?”

“ஒரு கைல மட்டும்கூட வரும். மாத்திரை நின்னதால வந்துது. இன்னிக்கி சின்னதா வந்துது. பெருசா வந்தா பாப்பா தாங்காது.”

அவள் முகம் மாறியது. ஆனாலும் தலையை ஆட்டினாள். “அம்மா கீற ஊட்ல மருந்து குடுத்தா கண்ண புடுங்கிக்குவாங்க, டீச்சரம்மா. எங்க அத்தை பக்கத்துல ஒரு பொண்ணுக்கு ஆச்சு. பெரியபாளையத்துப் பொண்ணுன்றியே, உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அம்மைக்கு மருந்து போடாத. நானும் போடச் சொல்லல. இது அம்மைக்குக் குடுக்கற மருந்து இல்ல. அவங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த ஊட்ல இருந்தது. அம்மா வந்தாங்கன்னு ஏற்கெனவே எரியற வெளக்க அணைப்பியா?”

“வெளக்கு வெளக்கு. மாத்திரை மாத்திரை.”

சட்டென்று அவள் வழிக்கு வரமாட்டாள் என்று தெரியும். நானும் விடவில்லை. “தண்ணி குடுக்கறியா? கூழு குடுக்கறியா? அதெல்லாம் நிறுத்தலையே. இவளுக்கு இதுவும் அப்படித்தான்.”

வாசலிலிருந்து அவள் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். “எது மருந்து, எது சோறுன்னு நமக்கே தெரியுது. அம்மாளுக்குத் தெரியாதா?”

“நீ சும்மா கெட, உன்ன யார் கேட்டா?” என்றாள். ஆனால் எழுந்தாள். மஞ்சள் பூசி வேப்பிலை செருகி வைத்திருந்த செம்பின் எதிரே போய் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அம்மா முன்னால வெச்சி, அவங்க குடுத்ததா எடுத்துக் குடுக்கறேன். ஒத்துக்கறியா?”

எனக்கு வேண்டியது முழு மாத்திரை குழந்தையின் வயிற்றுக்குள் போவது. அது எந்த வழியாகப் போனால் என்ன? வேப்பிலை மேல் மாத்திரையை வைத்தாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பிறகு அதைப் பொடித்துக் கூழில் கலந்து, பாப்பா கண் விழித்ததும் நான் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கடைசிப் பேருந்து வரும்வரை நான் அங்கேயே இருந்தேன். கை மறுபடி ஆடவில்லை.

கிளம்பும்போது அக்கா கேட்டாள். “இத டாக்டரம்மாகிட்ட சொல்லுவியா?”

“சொல்லித்தான் ஆவணும்.”

“சொல்லு” என்றாள். “ஆனா நீ சொல்லு. வேற யாரும் சொல்ல வேணாம்.”

மறுநாள் காலை எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சென்னைக்காரர். கண்டிப்பானவர், ஆனால் நியாயம் பார்ப்பவர். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“அம்மை இறங்கினதும் குழந்தையைக் கூட்டிட்டு வந்துடு.”

“மேடம், அவங்க நல்லவங்க.”

“நல்லவங்கதான். நல்லவங்க கையிலதான் நிறைய குழந்தைங்களை நான் இழந்திருக்கேன்.”

அவர் சொன்னது உண்மை. ஆனாலும் அறையை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கதவருகே போய்த் திரும்பினேன்.

“மேடம், இங்கேருந்து எடுத்து வேற வீட்ல குடுப்போம். அங்கயும் ஒருநாள் யாருக்காவது அம்மை வரும். அங்கயும் வேப்பிலை கட்டுவாங்க, மாத்திரையை நிறுத்துவாங்க. இந்தப் பக்கத்துல எல்லா வீடும் அப்படித்தான், எங்க வீடும்தான். இனிமே நிறுத்தாதுன்னு நமக்குத் தெரிஞ்ச வீடு ஒண்ணே ஒண்ணுதான். அதுலேருந்தா குழந்தையை எடுக்கணும்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “நிறுத்தாதுன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியணும். தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னிக்கு நானே வரேன்.”

அம்மை இறங்கி மஞ்சளும் வேப்பிலையும் ஊறிய தண்ணீரைத் தலைக்கு ஊற்றும் நாள் வந்தது. சவுக்குத் தோப்பு மணலில் ஜீப்பு சிக்கிக்கொண்டது. டாக்டரம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். வாசலில் அக்கா வெயிலில் வைத்திருந்த அண்டாவின் பக்கத்தில் நின்றிருந்தாள். பாப்பாவுக்குப் புதுப் பாவாடை எடுத்து வைத்திருந்தாள். எப்போதும் ஏரி அதிரப் பேசுகிறவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். “தூக்கிக்கினு பூடுவாங்களா, தங்கச்சி?”

டீச்சரம்மா போய்த் தங்கச்சி வந்திருந்தது.

டாக்டரம்மா பாப்பாவைச் சோதித்தார். எடை கூடியிருந்தது. தோல் சுத்தமாக இருந்தது, ஒரு கொப்புளமும் சீழ் வைக்கவில்லை. பிறகு மணலிலேயே உட்கார்ந்தார்.

“ஏம்மா, நாளைக்கு இவளுக்கு வயித்தால போகுது. மாத்திரை குடுப்பியா, நிறுத்துவியா?”

“குடுப்பேன். வாந்தியில வெளிய வந்துட்டா இவளாண்ட கேப்பேன்” என்று என்னைக் காட்டினாள்.

“இவ வர நாள் ஆகும்.”

“நான் பஸ் ஏறி வருவேன். எனக்கு இன்னா கால் இல்லியா?”

“உன் பொண்ணு வீட்டுக்குப் போற. அங்க மாத்திரை கிடைக்காது.”

“முந்தானைல முடிஞ்சிக்கினு போவேன்.”

“விரதம் இருக்கற நாள்ல?”

“விரதம் எனக்கு. அவளுக்கு இன்னாத்துக்கு?”

“சரி. மறுபடியும் அம்மை வந்துச்சுன்னா?”

அக்கா டாக்டரம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த அம்மா ஒருதபா வந்துட்டா மறுபடி அதே ஆள் மேல வர மாட்டாங்க. டாக்டருக்குப் படிச்சிருக்கீங்க, இது தெரியாதா?”

மரத்தடியில் அவள் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

“உனக்கு வந்துச்சுன்னா? உன் வீட்டுக்காரருக்கு வந்துச்சுன்னா?”

“யாருக்கு வந்தாலும் பாப்பா மாத்திரை நிக்காது” என்றாள் அக்கா. இந்த முறை சிரிப்பு இல்லாமல், செம்பு இருந்த பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள். “அம்மா முன்னால வெச்சிக் குடுத்தேன். அவங்க கோச்சிக்கல. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவல. இனிமே எவ வந்து சொன்னாலும் நான் நிறுத்த மாட்டேன்.”

டாக்டரம்மா எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினார். “தண்ணி ஆறிடப் போகுது. ஊத்து” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இங்கேயே இருக்கட்டும்” என்றார். இரண்டே சொல்தான். அக்கா அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. அவள் அதற்குள் அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டு பாப்பாவின் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகமும் நனைந்திருந்தது.

குளியல் முடிந்ததும் அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் தாளிக்கும் வாசனை எழுந்தது. மடவை மீன் குழம்பு கொதித்தது. மணல் குழியில் உட்கார்ந்திருந்த பாப்பா வாசனைக்கே வாயைத் திறந்தது. அக்கா முள் எடுத்து, குழம்புச் சோற்றைப் பிசைந்தாள். முதல் வாயில் மாத்திரைப் பொடியைக் கலந்தாள். டாக்டரம்மாவும் எங்களோடு மணலில் உட்கார்ந்து இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும் வழியில் ஜீப்பில் அவர் சொன்னார். “இனிமே ஒவ்வொரு வீட்லயும் முதல் நாளே கேட்டுடு. உங்க வீட்ல அம்மை போட்டா இன்னா பண்ணுவீங்கன்னு.” எங்கள் பக்கத்து ‘இன்னா’ அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அம்மை இறங்க வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற அந்த ஆடி மாதம் அக்கா பெரியபாளையத்துக்கு வந்தாள். வேப்பிலை ஆடை கட்டிய பாப்பாவை அவள் வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றினார். மறுநாள்தான் ஊர் திரும்புவதாக இருந்ததால் எங்கள் வீட்டில் தங்கினார்கள். சாயங்காலம் அப்பாவும் டீக்கடை மாமாவும் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா பாப்பாவை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள்.

“கோயிலுக்கு வந்த எடத்துல இன்னாம்மா மருந்து?” என்றார் மாமா.

“மருந்து இல்ல பெரியவரே. இது அவ சோறு” என்றாள் அக்கா. “உங்கூட்டுப் பொண்ணு சொல்லிக் குடுத்தது. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க.”

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா எழுந்து உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.